புளூபெரிக்குப் போட்ட சாம்பல்

சுவிஸில் துன் நகருக்கு மேலே உள்ள தோட்டத்தில் என் மகள் நிலோஜினி மூன்று இனப் புளூபெரியை இனத்துக்கு ஒரு வரிசையாக நட்டு மூன்று வருடமாக ஒப்பிட்டு வந்தாள். எது நன்றாக வளரும், எது கூடக் காய்க்கும், எதன் பழம் இனிக்கும் என்று எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்குப் பட்டம். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. வேறொன்றும் போட வேண்டாம் என்றிருந்தாள். பையில் வரும் இரசாயனப் பசளையை நான் நம்புவதில்லை. மெலிந்து நின்ற வரிசைக்கு விறகடுப்புச் சாம்பல் போட்டேன். இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

“சாம்பலோ அப்பா?”

“ஓம். கத்தரிக்குப் போடுறதுதானே.”

“இதுக்குப் புளிச்ச மண் வேணும். சாம்பல் அதைக் கெடுத்துப்போடும். சரி, மற்ற ரெண்டு வரிசையும் இருக்குத்தானே?”

“ஓரவஞ்சனை பார்க்கக்கூடாதெண்டு முந்தநாள் அதுகளுக்கும் போட்டிட்டன்.”

அவள் ஈர மண்ணிலேயே குந்திவிட்டாள். நான் குனிந்து சாம்பலைக் கையால் வழித்து வாளியில் போட்டேன். முக்கால்வாசி மழையோடு உள்ளே இறங்கிவிட்டிருந்தது.