தற்காலிக மனசு வைப்பாளர்

தாலுகா அலுவலகங்களில் கோப்புகளின்மேல் மனசு வைப்பதற்கு உளவியல் படித்தவர்களைத்தான் எடுக்கிறார்கள். முதலில் வணிகவியல் படித்தவர்களை எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் வைத்த மனசு லாப நட்டம் பார்த்தது. பொறியியல் படித்தவர்களோ வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டார்கள். உளவியல் படித்தவர்களுக்குப் போக்கிடம் அதிகம் இல்லை. அவர்களுடைய மனசும் பெரும்பாலும் சும்மாதான் கிடந்தது. அரசாங்கத்துக்கு வசதியாகப் போயிற்று.

ஹேமப்பிரியா முதுகலை முடித்த அன்று, துறைத்தலைவர் வேலைவாய்ப்பு பற்றி ஒரு மணி நேரம் பேசினார். வாய்ப்புகள் கொட்டிக் கிடக்கின்றன என்றார். பள்ளிக்கூடங்களில் மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கலாம். அதற்கான வகுப்பைக் கணக்கு வாத்தியார் ஸ்பெஷல் கிளாசுக்கு எடுத்துக்கொள்ளாத நாட்களில். கம்பெனிகளில் வேலையை விட்டு அனுப்பப்படுகிறவர்களோடு வாசல்வரை நடந்து போய், இப்போது எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்கலாம். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது துணிக்கடை லிஃப்ட்.

பஜாரில் உள்ள நாலு மாடித் துணிக்கடையின் லிஃப்டுக்கு ஆடித் தள்ளுபடி என்றால் பயம். கூட்டத்தைக் கண்டதும் இரண்டாவது மாடியில் நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாக யாராவது பேசிக்கொண்டே இருந்தால்தான் ஏறும். ஹேமாவின் தோழி சுகந்தி போன ஆடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோடு உள்ளே போனாள். லிஃப்ட் அவளை விடவில்லை. பொங்கல் கழித்துத்தான் தரையிறங்கினாள். இப்போதும் யாராவது வீட்டுக்குள் நுழைந்தால், "எத்தனாவது மாடி?" என்றுதான் கேட்கிறாள்.

ஆகவே ஹேமா தாலுகா அலுவலக நேர்முகத்துக்குப் போனாள். மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"சைக்காலஜியா? அப்ப நான் இப்ப என்ன நெனைக்கிறேன், சொல்லு பாப்போம்" என்றார் முதலாமவர். கல்யாண வீடுகளில் எல்லாச் சித்தப்பாக்களும் அவளிடம் கேட்கும் அதே கேள்வி.

"டீ, சார்."

"நான்?" என்றார் இரண்டாமவர்.

"டீ."

மூன்றாமவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவரிடம் அவளுக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. "டீயோட வடை" என்றாள் மெதுவாக.

மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்கள். பதவியின் பெயர் தற்காலிக மனசு வைப்பாளர். ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை, ஒரு கால் ஆடும் நாற்காலி. அம்மா ஊறுகாய் வைத்துக் கொடுக்கும் எவர்சில்வர் டப்பாவைக் கழுவி, அதில் மனசை வைத்து எடுத்து வருவாள். எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். எத்தனை கழுவியும் மாவடு வாசனை போகவில்லை. மனுக் கொடுத்தவர் தாசில்தார் முன்னால் நின்று, "ஐயா கொஞ்சம் மனசு வைக்கணும்" என்பார். தாசில்தார் ஹேமாவைப் பார்ப்பார். அவள் டப்பாவைத் திறந்து மனசை எடுத்துக் கோப்பின்மேல் வைப்பாள். கொஞ்ச நேரத்தில் கோப்பு, இட்லித் தட்டின் மூடி மாதிரி, தொட்டால் சுடும். சுட்டதும் தாசில்தார் கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான் வேலை.

தாசில்தார் சபாநாயகம் நல்ல மனிதர். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசமாட்டார். நாளைக்கு வாங்க என்பதைக்கூட விருந்துக்குக் கூப்பிடுவதுபோல்தான் சொல்வார். சேர்ந்த புதிதில் ஹேமா ஒருமுறை கேட்டுவிட்டாள்.

"சார், உங்களோடது?"

"என்னோடது வீட்டுல இருக்கும்மா. ஆபீசுக்கெல்லாம் கொண்டாறதில்ல, தூசி படும். பர்மனென்ட்ல இருக்கிறவங்க யாருமே கொண்டாரக் கூடாது. ரூல் இருக்கு."

"அரசாங்க மேசைல சொந்தச் சாமான் வைக்கக் கூடாதும்மா" என்று டபேதார் அந்தோணிசாமி விளக்கினார். அவருடையதை அவர் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

ஆனி பிறந்தபோது ஹேமாவுக்குச் சோதனை வந்தது. தற்காலிகப் பதவிகள் எல்லாம் ஆனியோடு முடிகின்றன என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் அவளை நிரந்தரமாக்கும் கோப்பில் தாசில்தார் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் ஆடி. ஆடி என்றால் லிஃப்ட். துணிக்கடைக்காரர் ஏற்கெனவே அவள் அப்பாவிடம் ஸ்டூலின் உயரம் பற்றி விசாரித்திருந்தார்.

"உள்ள ஃபேன் இருக்குதாம்" என்றார் அப்பா சாப்பிடும்போது. "மனசைப் படிக்கிற படிப்புன்னு நீதான ஆசப்பட்டுச் சேந்த? லிஃப்டுக்கும் மனசுதான?"

ஹேமா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அவளுக்குப் பேசவேண்டியவை நிறைய இருந்தன. அவை எப்போதும் கை கழுவும்போதுதான் நினைவுக்கு வரும்.

மறுநாள் தாசில்தார் அவளுடைய கோப்பை எடுத்து இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லம்மா. ஆனா யாராவது மனசு வைக்கணுமே."

ஹேமா டப்பாவைத் திறந்தாள்.

"அய்யய்யோ, நீ வைக்கக் கூடாது. அவங்கவங்க கோப்புமேல அவங்கவங்க மனசு வைக்கக் கூடாது. அது சுயநலமாயிடும்."

"நீங்க வைங்க சார்."

"வைக்கலாம்" என்று யோசித்தார். "ஒரு நாளைக்குன்னா தப்பில்ல. வீட்டுல கேட்டு வாங்கிட்டு வா. பூஜை ரூம்ல பித்தளைச் சம்புடத்துல இருக்கும்."

தாசில்தார் வீட்டில் அவர் மனைவி சரோஜினி காபி கொடுத்தார். பிறகு பித்தளைச் சம்புடத்தைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். உள்ளே கொஞ்சம் விபூதி இருந்தது.

"இங்க ஏது கண்ணு? கல்யாணத்தன்னிக்கே கேட்டேன். காலேஜ்ல படிக்கிறப்பவே ஒரு பொண்ணுகிட்ட பறிகுடுத்துட்டாராம். அப்புறம் அவரே அத மறந்துட்டாரு. வீட்டுலதான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு."

"நீங்க சொல்லலியா ஆன்ட்டி?"

"அவர் ஒரு நாளாச்சும் அது எங்கன்னு கேட்டாத்தான சொல்றதுக்கு?" சம்புடத்தை முந்தானையால் துடைத்து மூடினார். "பிரேமாவதின்னு பேரு. அக்ரஹாரத்துக்குப் பின்னாடி தையல் கடை வச்சிருக்காங்க. எனக்கு ப்ளவுஸ் அவங்கதான் தைக்கிறாங்க. கை ரொம்ப சுத்தம்."

பிரேமாவதி கழுத்தில் இஞ்சுடேப்போடு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

"சபாநாயகத்தோடதா? அரிசி டப்பாவுல கெடக்கு. வேப்பிலையோட போட்டு வச்சிருக்கேன். அது இருந்தா வண்டு வர்றதில்ல."

முழங்கைவரை கையை விட்டுத் துழாவி எடுத்தார். ஹேமாவின் மனசு போலவேதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் வெளுப்பு. நன்றாகக் குளிர்ந்திருந்தது.

"சாயங்காலம் திருப்பிக் குடுத்துடணும். இப்பத்தான் புது மூட்டை பிரிச்சிருக்கேன்."

"கண்டிப்பா ஆன்ட்டி."

"அவரு கேட்டாருன்னு குடுக்கல. நீ கேக்கறதுக்கே இவ்ளோ கூச்சப்படறியே, அதுக்காகக் குடுக்கறேன்."

ஹேமா அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து, தன் கோப்பை மேசையில் விரித்து, அதன்மேல் வைத்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். தாசில்தார், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போனார். கோப்பைத் தொட்டுப் பார்த்தாள். மண்பானை மாதிரி சில்லென்று இருந்தது.

எந்த மனசையும் அவசரப்படுத்தக் கூடாது என்று அவளுக்கு இரண்டாம் ஆண்டில் ஒரு முழுப் பாடம் இருந்தது. அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் வந்தது. அப்போதும் சில்லென்றே இருந்தது.

அந்த நேரத்தில் கொளஞ்சியப்பன் வந்தார். முந்திரித் தோப்புக்குப் பட்டா மாற்ற வேண்டி நெடுநாளாக நடக்கிறவர். நடந்து நடந்து அவருடைய செருப்பு, அவரில்லாமலேயே அலுவலகத்துக்கு வழி கண்டுபிடித்து வந்துவிடும். இரண்டுமுறை வந்தும் இருக்கிறது.

"ஐயா, இன்னிக்காவது கொஞ்சம் மனசு வைக்கணும்."

தாசில்தார் ஹேமாவைப் பார்த்தார். தன்னுடைய கோப்பு ஒரு பக்கம் கிடக்க, பக்கத்தில் கொளஞ்சியப்பனின் கோப்பை விரித்து, ஊறுகாய் டப்பாவைத் திறந்து தன் மனசை அதன்மேல் வைத்தாள். மேசையின்மேல் இப்போது இரண்டு மனசுகள் இருந்தன.

மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. ஃபேன் சடாரென்று முழு வேகத்தில் சுற்றியது. காகிதங்கள் எழும்பின. இரண்டும் உருண்டன. ஹேமா எழுந்து பிடிப்பதற்குள் அவளுடைய மனசு கொளஞ்சியப்பனை விட்டு இறங்கி, நேரே அவளுடைய கோப்பின் நட்டநடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அரிசி வாசனை அடித்த இன்னொன்று கொளஞ்சியப்பனின் தோப்புமேல் போய் நின்றது.

ஹேமாவின் கோப்பிலிருந்து லேசாகப் புகை வந்தது.

"சார், சுடுது சார்!" என்றார் அந்தோணிசாமி. "அந்தப் பொண்ணு வைக்கல. அதுவாத்தான் போய் உக்காந்துச்சு. நான் சாட்சி."

"அதுவா உக்காந்தா தடுக்க ரூல் இல்ல" என்றபடி தாசில்தார், எது யாருடையது என்று பாராமலே பேனாவை எடுத்து, விரல் சுடச்சுடக் கையெழுத்துப் போட்டார். ஹேமா நிரந்தரமானாள். கொளஞ்சியப்பனின் கோப்பையும் தொட்டுப் பார்த்தார். "சில்லுனு இருக்கே ஐயா. நாளைக்கு வாங்க."

கொளஞ்சியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

தாசில்தார் ஹேமாவின் கோப்பின்மேல் இருந்ததைக் கையில் எடுத்து உருட்டினார். முகம் மலர்ந்தது.

"இதான் என்னோடதா? இத்தனை வருஷம் கழிச்சும் எவ்ளோ சூடு பாரு. லேசா மாவடு வாசனை வேற. எங்கம்மா போடுவாங்க." சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சார்..." என்றாள் ஹேமா.

"என்னம்மா?"

பேசவேண்டியவை நிறைய இருந்தன. அந்தோணிசாமி பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே மனுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாசில்தார் அப்படி ஒரு சிரிப்போடு இருந்தார்.

"ஒண்ணுமில்ல சார்."

மற்றதைத் தன் மனசின் சூடு இன்னும் ஆறாத ஊறுகாய் டப்பாவில் போட்டு எடுத்துப்போய், வாக்குக் கொடுத்தபடி சாயங்காலமே பிரேமாவதியின் அரிசி டப்பாவில் சேர்த்தாள். வீட்டில் அப்பா கேசரி வாங்கி வைத்திருந்தார். துணிக்கடைக்காரரிடம், இனி பெண் காலியில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஹேமா கேசரியைச் சாப்பிட்டாள். சந்தோஷப்படலாமா என்று பார்த்தாள்; அதற்கான சாமான் பையில் இல்லை. வருத்தப்படுவதற்கும் அதே சாமான்தான் வேண்டியிருந்தது. தூங்கப் போனாள்.

மறுநாள் அவள் போவதற்கு முன்பே தாசில்தார் வந்து, ஜன்னலோரச் சின்ன மேசையில், கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கோப்பாக எடுத்துவைத்து அதன்மேல் மனசு வைத்துக்கொண்டிருந்தார். யாராவது நிமிர்ந்து பார்த்தால் கூச்சப்பட்டு மேசையைப் பார்த்தார்.

"சாருக்கு மனசு மாறிடுச்சும்மா" என்றார் அந்தோணிசாமி.

"ஆமா" என்றாள் ஹேமா.

பெரிய மேசை காலியாக இருந்தது. அலுவலகத்தில் நிரந்தரமானவர் எவராவது அதில் உட்கார்ந்தாக வேண்டும். அவள் போய் உட்கார்ந்தாள். நாற்காலி ஆடவில்லை. முதுகில் துண்டு போட்டிருந்தது.

கொளஞ்சியப்பன் வந்து, நேற்றுத் தாசில்தார் இருந்த இடத்தைப் பார்த்து நேரே வந்து நின்றார்.

"அம்மா, நேத்து வரச் சொன்னாங்க. கொஞ்சம் மனசு வைக்கணும்."

ஹேமா அவரை நிமிர்ந்து பார்த்தாள். காலில் செம்மண் இருந்தது. தோப்பிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். இதையெல்லாம் அவள் எப்போதும் கவனிப்பாள், இன்றும் கவனித்தாள்.

"வீட்டுல இருக்கு ஐயா. நாளைக்கு வாங்க."

விருந்துக்குக் கூப்பிடுவதுபோல் சொல்ல முதல் நாளே வந்துவிட்டது. ஜன்னலோர மேசையிலிருந்து தாசில்தார், "சார்..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"என்ன?" என்றாள் ஹேமா.

"ஒண்ணுமில்ல சார்" என்றார் சபாநாயகம்.

கொளஞ்சியப்பன் வெளியே வந்தபோது செருப்பு ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தது. வெறுங்காலோடு பின்னால் நடந்தார்.

மதியம் பிரேமாவதி போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, அத எங்கயாவது சூடான எடத்துல வச்சியா? ராத்திரியோட ராத்திரியா அரிசி டப்பா முழுக்கச் சோறா வெந்து கெடக்குது. நல்லா பூப்போல, உதிரி உதிரியா. மூட்டையும் பாதி வெந்துடுச்சு. தெருவுல எல்லாரையும் எலை போட்டு உக்கார வச்சிருக்கேன். சரோஜினி அம்மாவும் வந்திருக்காங்க."

"அப்படியா ஆன்ட்டி."

"வர்றப்ப ரசம் மட்டும் எடுத்துட்டு வா. மாவடு இருந்தாலும் கொண்டா."

மாவடு தாசில்தாரிடம்தான் இருக்கிறது என்று ஹேமா சொன்னாள். ரசத்துக்கு அந்தோணிசாமியைத் தூக்கோடு அனுப்பினாள்.