பேர் சொல்லாத வீடுகள்

எங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் போட, என்னோடு வேலை செய்யும் ஜாஸ்குலைப் பற்றி மூன்று வரி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் முதலாளி உலான்பெக். எங்கிருந்து வந்தாள், எப்படி வேலை செய்வாள், ஓய்வு நேரத்தில் என்ன செய்வாள், இவ்வளவு போதுமாம். மூன்று வரியில் அடங்குகிற ஆளா அவள்?

நரின் என்ற மலையூரில் லாரி ஓட்டுபவரின் மகள். ஆறு வருடம் பள்ளியில் கணக்கு டீச்சர். நூலகத்தில் இருந்த ஒற்றைக் கணினியில் தானாகவே இணையப் பக்கம் கட்டப் பழகிக்கொண்டு, முப்பத்தொரு வயதில் தலைநகர் பிஷ்கெக்குக்கு வந்து எங்கள் அலுவலக வாசலில் நின்றாள். இதற்கென்று படித்த பட்டம் எதுவும் கிடையாது. பக்கத்து மேஜை அஸமத் மாஸ்கோவில் படித்தவன். அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது நினைவுபடுத்தாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

அவள் வேலை செய்யும் விதம் எங்கள் எல்லோருக்கும் எரிச்சலூட்டும். முதலில் தாளில் பென்சிலால் கட்டம் கட்டமாக வரைவாள். பிறகு அந்தப் பக்கத்தைப் பயன்படுத்தப் போகிறவர் அருகில் போய் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அவர் விரலையே பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் ஆண்களோடு சேர்ந்து ஒர்தோ ஆடுவாள். வட்டத்துக்குள் பரப்பிய ஆட்டுக் கணுக்கால் எலும்புகளை அடித்து வெளியே தள்ளுகிற ஆட்டம் அது. ஒவ்வொரு வீச்சுக்கும் அவள் குறிபார்க்கிற நேரத்தில் எதிரணி ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிடும்.

இந்த வசந்தத்தில் அவளுடைய மேஜையே பறிபோகப் பார்த்தது. மலையில் இருக்கும் கரா-தெக்திர் கிராமத்துக்காக ஒரு இணையதளம் செய்தோம். மேய்ச்சலுக்கு ஏறும் முன் ஒவ்வொரு வீடும் ஆடுகளின் எண்ணிக்கையை அதில் பதிய வேண்டும். பதிந்த வீட்டுக்குத்தான் தடுப்பூசி வரும். இல்லாத ஆடுகளை யாரும் எழுதிவிடக் கூடாதே, பொறுப்பேற்க ஒரு பெயர் வேண்டுமே என்று ஜாஸ்குல் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். படிவத்தை அனுப்பியதும் தொலைபேசி அடிக்கும், குடும்பத் தலைவரின் பெயரைச் சொல்லும்படி ஒரு குரல் கேட்கும், சொன்ன பெயரில் பதிவாகும். பாதை பனியில் மூடிக் கிடந்ததால் அந்த முறை அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. நீயே சோதித்துப் பார் என்று என்னிடம் விட்டாள். பதினோரு முறை சோதித்தேன். ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இரண்டு வாரம் போனது. நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் பதிந்தவை ஒன்பது. வெள்ளிக்கிழமைக்குள் பாதி வீடாவது வராவிட்டால் ஒப்பந்தம் போய்விடும், ஜாஸ்குலும் போக வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். மலைக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்றான் அஸமத். அவன் தாத்தாவும் ஆடு மேய்த்தவர்தான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஜாஸ்குல் கோட்டை மாட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, முதலில் கண்ணில் பட்ட வீட்டுக்குள் நுழைந்தோம். அந்த வீட்டு மருமகள் சோனுன். புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். ஆட்டை எண்ணுவது, தீவனம் போடுவது, தொலைபேசியை வைத்திருப்பது எல்லாம் அவள்தான். மாமனார் ஜூமாகுல் சுவரோரம் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஜாஸ்குல் கேட்டுக்கொண்டதும் சோனுன் எங்கள் பக்கத்தைத் திறந்து, என் அலுவலகத்து ஆட்களைவிட வேகமாக நிரப்பினாள். நூற்றுப் பன்னிரண்டு ஆடு. அனுப்பினாள். தொலைபேசி அடித்தது. குடும்பத் தலைவரின் பெயரைச் சொல்லவும் என்றது குரல்.

சோனுன் மாமனாரைப் பார்த்தாள். மாமனார் சுவரைப் பார்த்தார். அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டு அவர் கோப்பையில் தேநீர் ஊற்றினாள்.

ஏன் சொல்லவில்லை என்று ஜாஸ்குல் மெதுவாகக் கேட்டாள்.

"அவுங்க பேரையா? நான் எப்படிக்கா சொல்றது? நீங்க வேற."

அவரிடமே கொடுத்திருக்கலாமே என்றாள் ஜாஸ்குல். பெயர் கேட்கிறவன் குதிரை ஏறி நேரில் வந்து கேட்கட்டும், பெட்டிக்கெல்லாம் பதில் சொல்ல முடியாது என்றார் கிழவர். அடுத்த நாலு வீட்டிலும் இதே கதைதான். ஆண்கள் பகலெல்லாம் மந்தையோடு ஊருக்கு வெளியே இருந்தார்கள், தொலைபேசி மருமகள் கையில் இருந்தது, அந்தப் பெயர் மட்டும் எந்த மருமகள் வாயிலும் வரவில்லை. மாமனார் பெயரை மருமகள் சொல்வது எங்கள் வழக்கத்திலேயே இல்லை.

சோனுன் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஜாஸ்குல் என்னைப் பார்த்தாள்.

"பெர்மெத், நீயும் ஒரு வீட்டு மருமகதான? சோதிச்சப்ப யார் பேரைச் சொன்ன?"

பதினோரு முறையும் முதலாளி பெயரைத்தான் சொல்லியிருந்தேன். என் மாமனார் இறந்து நாலு வருடமாகிறது. காலி அறையில், ஒரு இயந்திரத்திடம்கூட அவர் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. வேறு பெயரைச் சொல்கிறோம் என்பதையே நான் கவனிக்கவில்லை. இப்போதும் அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், கேட்காதீர்கள். என்னால்தான் அவள் வேலை போகப்போகிறது என்று நடுத்தெருவில் நின்று அழுதேன்.

"அழாத. கேள்வி என்னோடது. யாரு பேசுறாங்களோ அவுங்க பேரைத்தான கேட்ருக்கணும்?"

சோனுனின் அடுப்படியில் உட்கார்ந்து, மாவு படிந்த மேஜையில் தாளை விரித்து முதலில் பென்சிலால் வரைந்தாள். எனக்குப் பொறுமை போயிற்று, வாயை மூடிக்கொண்டேன். புதிய கேள்வி இதுதான்: பேசுகிற நீங்கள் யார்? உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அந்தப் பெயரிலேயே பதிவு இருக்கும். அந்தக் கேள்வியைச் சோனுனையே சொல்லச் சொல்லிப் பதிவுசெய்தாள். தொலைபேசியில் முதலாளி கத்தினார். பட்டியலில் குடும்பத் தலைவர் பெயர் இல்லாமல் எப்படி என்று பின்னாலிருந்து அஸமத்தின் குரலும் கேட்டது. ஜாஸ்குல் அவர்களோடு வாதாடவில்லை. ஊர்க் கால்நடை மருத்துவரிடம் நேராகப் போய்க் கேட்டாள். கூப்பிட்டால் ஆட்டோடு வந்து நிற்க ஒரு ஆள் வேண்டும், அது யாராக இருந்தால் எனக்கென்ன என்றார் அவர்.

செய்தி மருமகளிடமிருந்து மருமகளுக்குப் பரவியது. புதன்கிழமை காலை எழுபது வீடு. மதியம் இருநூறைத் தாண்டியது. வியாழக்கிழமை இரவு கடைசியாகப் பார்த்தபோது முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. என்ன மந்திரம் செய்தீர்கள் என்று முதலாளி கேட்டார். ஜாஸ்குல் தொலைபேசியை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை தடுப்பூசிக்காக ஊர் ஆட்டுப்பட்டியின் கதவுக்கு முன்னால் மந்தைகளும் ஆண்களும் கூடியிருந்தார்கள். மருத்துவர் பட்டியலை விரித்து, ஒலிபெருக்கியில் முதல் பெயரை வாசித்தார்.

"சோனுன். நூத்திப் பன்னெண்டு ஆடு."

கூட்டத்தில் தலைகள் திரும்பின. கல்யாணமாகி வந்த ஏழு வருடத்தில் அந்தப் பெண்ணை ஜூமாகுல் மருமகள் என்றுதான் ஊர் கூப்பிட்டிருக்கிறது. இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கினார்கள். சோனுன் தேநீர்க் கெண்டியோடு வேலியோரம் சிவந்துபோய் நின்றாள். கிழவர் குதிரைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இந்தப் பட்டியல் செல்லாது என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் ஊரே அதைச் சொல்லும், பட்டியல் குப்பைக்குப் போகும்.

மருத்துவர் இரண்டாம் முறை வாசித்தார். சோனுன் வீட்டு ஆள் யார் என்றும் கேட்டார்.

ஜூமாகுல் சிரித்தவர்கள் பக்கம் சாட்டையை நீட்டினார். அவர்கள் வாய் மூடியது. பிறகு குதிரையை முன்னால் விட்டார்.

"சோனுன் வீட்டு ஆள் நான்தான். கதவத் திற."