அண்ணையின் குளிசைகள்

தாதி நீட்டிய பிளாஸ்டிக் பையை வாங்கிக்கொண்டபோது பேர்ளிக்கு எப்படி அழுவதென்று தெரியவில்லை.

"உங்கள் கணவருடைய உடுப்புகள், மதாம்" என்றாள் தாதி. தோளில் ஒருதரம் கைவைத்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுப் போனாள்.

கட்டிலில் கிடந்தவன் அவளுடைய கணவன் அல்ல. கணவனின் தம்பி அம்புறோஸ். ஆனால் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் மடுத்தீன் என்றுதான் எழுதியிருந்தது. உயிரோடு இருக்கிற மடுத்தீன் தெருவுக்கு அப்பால், லா ஷப்பல் மெட்ரோப் பாலத்தின் கீழ், மாசி மாதக் குளிரில் நின்றுகொண்டிருந்தான். தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவன் அந்த வாசலைத் தாண்டவில்லை. ஒரே பெயரில் இரண்டு பேர் உள்ளே வர முடியாது.

பெண்சாதியென்றால் மார்பில் விழுந்து கதறலாம். மச்சாள் என்றால் 'என்ரை தம்பி' என்று ஒப்பாரி வைக்கலாம். பேர்ளி இரண்டையும் செய்யாமல் போர்வையை இழுத்து அவன் பாதங்களை மூடினாள்.

சாவதற்கு முதல் நாள் பின்னேரம் அவனுக்குக் கொஞ்சம் நினைவு தெளிந்திருந்தது. "மச்சாள்" என்றான். "இவை அண்ணையின்ரை பேரைச் சொல்லித்தான் கூப்பிடினம். நான் என்னெண்டு சொல்லிறது?"

"ஓம் எண்டு சொல்லு, தம்பி."

"அப்ப என்னை ஆர் கூப்பிடுறது?"

நான் கூப்பிடுறன் என்று சொல்ல வாயெடுத்தாள். தாதி ஊசியோடு பக்கத்தில் நின்றதால் அவன் கையை மட்டும் அமத்தினாள். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

அம்புறோஸின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது. அன்று முதல் அவனிடம் பப்பியே என்கிற வதிவிடக் காகிதம் எதுவும் இல்லை. ரூ லூயி-பிளாங்கில் அரியரத்தினத்தின் சாப்பாட்டுக் கடையில், நிலத்துக்குக் கீழேயிருந்த குசினியில் கோப்பை கழுவினான். நாள் முழுக்கக் கொதிதண்ணீர் ஆவிக்குள் நிற்பான். குடிப்பதற்குத் தண்ணீர் எடுக்கமாட்டான். குடித்தால் ஒன்றுக்குப் போகவேண்டும்; அதற்குப் படியேறி, ஆட்கள் சாப்பிடுகிற மேசைகளுக்கு நடுவால் போகவேண்டும். ஈர ஏப்பிரனோடு அவன் அப்படிப் போவது முதலாளிக்குப் பிடிக்காது.

போன வருசம் சிறுநீரகத்தில் கிருமி பிடித்து இதே ஆஸ்பத்திரியில் கிடந்தவன் மடுத்தீன். பெனிசிலின் ஊசி போட்ட கையோடு அவனுக்கு முகமும் நாக்கும் வீங்கி மூச்சு அடைத்தது. பிறகு புதிதாக வந்த ஒரு குளிசையைக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் எழும்பி இருந்து பாண் கேட்டான். மிச்சக் குளிசைகளை வீட்டிலிருந்து கடைசிவரை விடாமல் எடுக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சுகம் வந்த பிறகு எதற்கு மருந்து? மடுத்தீன் மிச்சத்தைத் தம்பிக்கென்று பெட்டியோடு எடுத்து வைத்தான்.

அம்புறோஸுக்கு நீர்க்கடுப்பு தொடங்கியது அந்தக் கோடையில். எரியும்போது அண்ணையின் குளிசையில் ஒன்றிரண்டு விழுங்குவான். எரிவு தணியும். தணிந்ததும் நிறுத்திவிடுவான், அடுத்த முறைக்கு வேண்டுமே. அடுத்த முறையும் வந்தது. பெட்டி முடிந்தபோது மடுத்தீன் டாக்குத்தரிடம் போய், தனக்குத்தான் திரும்ப எரிகிறது என்று சொல்லி இன்னொரு பெட்டி வாங்கிவந்தான். அன்று அவனுக்கு ஒரு பெருமை. "அந்தக் குளிசை வீட்டிலை கிடக்குமட்டும் அவனுக்கு ஒண்டும் வராது, பேர்ளி" என்றான். தம்பி, ஊரில் தாயில்லாமல் அவன் தூக்கி வளர்த்த பிள்ளை. பேர்ளியும் பெட்டியைத் தங்கள் குழந்தையின் கைக்கெட்டாத உயரத்தில் பத்திரமாக வைத்தாள்.

இந்த முறை வருத்தம் குளிசைக்கு அடங்கவில்லை. இடுப்பு நாரி கொதித்து, பல் கிட்டுகிற நடுக்கத்தோடு அம்புறோஸ் சத்தியெடுத்தபோது, மடுத்தீன் தன்னுடைய மருத்துவக் காப்புறுதிச் செக்யூ அட்டையைப் பேர்ளியின் கையில் வைத்தான். அந்த அட்டையில் படம் இல்லை. மூக்கும் நெற்றியும் அண்ணன் தம்பிக்கு ஒரே அச்சு.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்குத்தர் பழைய கோப்பைப் பிரித்துப் பார்த்தாள். "போன வருடமும் வந்தவர்தானே? பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது, இல்லையா மதாம்?"

அம்புறோஸுக்குப் பெனிசிலின் ஒன்றும் செய்யாது. ஊரில், பேசாலையில், கடற்கரை முள்ளுக் குத்தி அவன் கால் பழுத்தபோதெல்லாம் அந்த ஊசிதான் போட்டார்கள். பேர்ளிக்கு அது தெரியும். ஒத்துக்கொள்ளும் என்றால் அடுத்த கேள்வி வரும். அவள் தலையை ஆட்டி, ஓம், ஒத்துக்கொள்ளாது என்றாள்.

போன வருடம் சுகமாக்கிய மருந்து கோப்பிலேயே இருந்ததில் டாக்குத்தர் சந்தோசப்பட்டாள். அதே புது மருந்தை இந்த முறை நரம்பு வழியாக ஏற்றுவோம் என்றாள். பேர்ளி பள்ளிக்கூடச் சாப்பாட்டுச் சாலையில் வேலை செய்து பிரெஞ்சு பழகியவள் என்பதைக் கண்டுகொண்டு, மேசையில் இருந்த தொலைபேசியின் சுருட்டை வயரைத் தூக்கிக் காட்டி விளக்கினாள். கிருமிக்குள் இதைப்போல ஒரு நீண்ட இழை இருக்கிறது. கிருமி பெருகவேண்டுமென்றால் அந்த இழை பிரியவேண்டும். பிரியும்போது முறுக்கேறிச் சிக்குப்படும். சிக்கெடுக்க அதனிடம் ஒரு வேலைக்காரன் இருக்கிறான், ஒரு நொதி. அவன் இழையை வெட்டி, முறுக்கை விட்டு, திரும்ப ஒட்டுவான். இந்த மருந்து அவன் வெட்டிய கையோடு அவனைப் பிடித்துக்கொள்ளும். ஒட்ட விடாது. அத்தோடு கிருமி சரி.

அன்றிரவு பேர்ளி இதைச் சொன்னபோது மடுத்தீன் சிரித்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. சிறுநீரைச் சோதித்த முடிவு வந்தபோது டாக்குத்தரின் முகம் மாறியது. இந்தக் கிருமியை அந்த மருந்து பிடிக்கவில்லை, ஏனென்று விளங்கவில்லை என்றாள். பெனிசிலின் பக்கம் போகப் பயந்து வேறொன்றுக்கு மாற்றினார்கள். அதற்குள் நஞ்சு இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகம் நின்றுவிட்டது.

பேர்ளி பையோடு தெருவைக் கடந்தாள். மடுத்தீன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தான். பிறகு பாலத்தின் இரும்புத் தூணில் நெற்றியை வைத்துக்கொண்டான். மேலே மெட்ரோ போனது. அது போய் முடியுமட்டும் பேர்ளி பக்கத்தில் நின்றாள்.

அரியரத்தினமும் வந்திருந்தார். நல்ல கம்பளிக் கோட்டு. "பாவம், நல்ல பொடியன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்ப அவசரப்பட்டு ஒண்டும் கதைக்கவேண்டாம், தங்கச்சி" என்றார்.

"நாளைக்கு மேரிக் கந்தோரிலை மரணம் பதியப் போயினமாம், அண்ணை. இவரின்ரை பேரிலை."

"பதியட்டும். அடக்கத்தை முடிப்பம். பேந்து யோசிப்பம்."

"என்னத்தை யோசிக்கிறது? இவர் செத்த ஆளாகிப் போவார்."

"மடுத்தீன் வேறை எங்கையும் போய்ப் புதுசா அகதியாப் பதியலாம். கனடா இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொன்னா அவங்கள் இதோடை விடுவாங்களோ? எங்கை வேலை செய்தவன் எண்டு கேட்டா நீ என்ன சொல்லப் போறாய்?"

பேர்ளி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "கோப்பை கழுவினவன் எண்டு சொல்லுவன்."

அவர் கையுறையை மாட்டினார்.

மடுத்தீன் தூணிலிருந்து முகத்தை எடுத்தான். "பேசாலையிலை சுகிர்தம் இருக்கிறாள்" என்றான். அம்புறோஸின் மனைவி. "நான் செத்ததாத்தான் அவளுக்குச் சேதி போகும். மச்சானுக்காக அழுதுபோட்டு, இவனுக்குக் காவல் இருப்பாள். சாகுமட்டும் காவல் இருப்பாள்." பேர்ளியிடம் திரும்பினான். "போய்ச் சொல்லு. என்ரை வதிவிடக் கார்த்தைப் பறிச்சாப் பறிக்கட்டும்."

"பிடிச்சு மறியலிலை போட்டா?"

"போடட்டும். அவன் அவன்ரை பேரிலை போகட்டும்."

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் இருந்த பெண், பேர்ளி சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். "இது குற்றம் என்று உங்களுக்குத் தெரியும்தானே மதாம்?"

"தெரியும்."

மேலிடத்துக்கு அறிவிப்போம், காகிதம் வரும், வரும்போது பதில் சொல்லவேண்டும் என்றாள். குரலில் கோபம் இல்லை. அது பேர்ளிக்கு இன்னும் குளிராக இருந்தது. செத்தவனின் சரியான பெயரைக் கேட்டாள். பேர்ளி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

அங்கிருந்து டாக்குத்தரைக் கூப்பிட்டார்கள். அவள் நடைபாதையிலேயே பேர்ளியை மறித்தாள். தூக்கமில்லாத கண்கள்.

"அப்படியானால் இவருக்குப் பெனிசிலின்?"

"ஒன்றும் செய்யாது."

"அந்தக் குளிசையை முன்பு எடுத்திருக்கிறாரா?"

"கொஞ்சம் கொஞ்சமாக. எரிகிற நேரம் மட்டும். கோடையிலிருந்து."

டாக்குத்தர் சுவரில் சாய்ந்தாள். "கொஞ்சமாகப் பட்டால், சாகாமல் தப்பினவை பெருகும்" என்றாள். யாருக்குச் சொல்கிறாளென்று தெரியவில்லை. "அவற்றின் வேலைக்காரனுக்குக் கையின் வடிவம் கொஞ்சம் மாறியிருக்கும். மருந்துக்குப் பிடி கிடைக்காது. அவன் பாட்டுக்கு வெட்டி ஒட்டிக்கொண்டே இருப்பான்."

"வேறு மருந்து இருந்ததா?"

"இருந்தது. பெனிசிலின் குடும்பத்து மருந்துகள். சோதனையில் இந்தக் கிருமி அவற்றுக்கு அடங்கியது. நான் அந்த முடிவைப் பார்த்தேன். உங்கள் கணவருடைய கோப்பில் இருந்த எச்சரிக்கையையும் பார்த்தேன்."

"அது போட்டிருந்தால் தப்பியிருப்பானா?"

"அப்படி என்னால் சொல்ல முடியாது, மதாம்."

"தப்பியிருக்கமாட்டான் என்றாவது?"

"அதையும் சொல்ல முடியாது."

டாக்குத்தரின் கை அவளுடைய கையைத் தொட வந்து, பாதியில் திரும்பி வெள்ளைச் சட்டைப் பைக்குள் போனது.

பேர்ளி வெளியே வந்தபோது அரியரத்தினம் போய்விட்டிருந்தார். மடுத்தீன் பையைப் பிள்ளையைப்போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றான்.

"இனி நீங்கள் உள்ளை போகலாம்" என்றாள். "தமையன் எண்டு சொன்னாக் காணும்."

தெருவைக் கடக்கும்போது அவன் கேட்டான்: "டாக்குத்தரைக் கண்டனீயோ? என்னவாம்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அந்த மருந்துதானே ஏத்தினவை? எனக்குத் தந்தது?"

"ஓம்."

"நல்ல மருந்து அது. எனக்கு ரெண்டு நாளிலை சுகமாக்கினது." ஆஸ்பத்திரி வாசலில் நின்று மூச்சு வாங்கினான். "வேளைக்கே குடுத்து வந்தபடியால்தான் அவன் இவ்வளவு நாளும் தாங்கினவன். இல்லையெண்டால் கோடையிலையே போயிருப்பான். என்ன?"

ஒரு கிழவியை ஏற்றிய தள்ளுவண்டிக்காக அவர்கள் ஒதுங்கி நின்றார்கள். வண்டி போனது.

"ஓம்" என்றாள். "கோடையிலையே போயிருப்பான்."

சவச்சாலை பின்வளவில் இருந்தது. அங்கே நின்ற ஊழியர் வயதான மனிதர். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தார். அம்புறோஸைக் கழுவி, கைகளை நெஞ்சில் கோத்து, தலையை ஈரமாக இழுத்து வாரி விட்டிருந்தார்கள். மடுத்தீன் கிட்டப் போனான். அழுவான் என்று பேர்ளி பிடிக்கத் தயாராக நின்றாள். அவன் அழவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

"வகிடு பிழை" என்றான் கடைசியில். "இவன் மற்றப் பக்கம் எல்லோ இழுக்கிறவன்."

பேர்ளி ஊழியரிடம் சீப்புக் கேட்டாள். அவர் தன் சட்டைப் பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தார். மடுத்தீன் அதைக் குழாயில் நனைத்து வந்து, தம்பியின் தலையை இடது கையால் மெல்லத் தாங்கி, முடியை மற்றப் பக்கம் வாரினான். முன்மயிர் நிற்காமல் பழையபடி சரிந்தது. அவன் திரும்பவும் போய்ச் சீப்பை நனைத்தான்.