மூக்கியின் சாட்சி

கேஸ் குழாய் பராமரிப்புக்கு வந்த ஃபிட்டர், கண்ணாடிக் குழாயில் ஏற்றிவைத்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையாமல் நின்றால் வீட்டுக் குழாயில் கசிவு இல்லை என்று அர்த்தம். அதுவோ வெட்கமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி இறங்கியது. மெயின் வால்வு மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறை முறுக்கிப் பார்த்தார். ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டார்.

"எல்லாரும் வெளிய வாங்க. எந்தச் சுவிட்சையும் தொடாதீங்க" என்றார்.

அந்த வீட்டில் குடியிருந்தவளின் கணவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் நடைக்கு ஓடினான். "அப்பப்பா, என்ன நாத்தம்! முட்டை அழுகின மாதிரி" என்று மூக்கைப் பொத்திக்கொண்டான். அவளும் பொத்திக்கொண்டாள். அவன் பொத்தியதைப் பார்த்துவிட்டுப் பொத்திக்கொண்டாள் என்பதுதான் சரி. அவளுக்கு ஒன்றும் நாறவில்லை.

குழந்தை வயிற்றில் நிறைமாதமாக இருந்தபோது வந்த காய்ச்சல், போகும்போது அவளுடைய முகரும் சக்தியையும் கையோடு கொண்டு போய்விட்டது. இது யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. ஏனென்றால் அவள் சாப்பிடுவதே மூக்கால். சோப்புத் தொழிற்சாலையில் ஒவ்வொரு கொப்பரைச் சோப்புக் குழம்பும் அச்சுக்குப் போகும் முன் அவள் முகர்ந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும். அவள் தலையாட்டாத சோப்பு வெளியே போகாது. அங்கே அவளுக்கு 'மூக்கி' என்று பெயர். அந்தப் பெயர் வீட்டுக்கும் தெருவுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பிரசவ விடுப்பு அடுத்த வாரம் முடிகிறது. அதற்குள் எப்படியாவது மோப்பம் திரும்பி வந்துவிடும் என்று தினமும் காலையில் குளியலறையில் சோப்பை முகர்ந்து பார்ப்பாள். சுவரை முகர்வதும் அதை முகர்வதும் ஒன்றாகவே இருந்தது. பாவம், இதை வைத்துக்கொண்டு அவள் தூங்கி எத்தனை நாளாயிற்றோ.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். ஃபிட்டர் சோப்புத் தண்ணீரைக் குழாயில் தடவிக் காட்டினார். சுவருக்குள் குழாய் நுழையும் வளைவில் குமிழி மேல் குமிழியாகக் கிளம்பியது.

"சார், சுவரை உடைச்சுக் குழாயை மாத்தணும். இது பழைய கசிவு. நான் கை வச்சது அடுப்புப் பக்கத்து வால்வு மட்டும்தான்."

"நீ அங்க முறுக்கினா இங்க விட்டுக்கும். காலையில வரைக்கும் நல்லா எரிஞ்ச அடுப்புய்யா இது."

"கசிஞ்சாலும் அடுப்பு எரியும் சார். வந்ததும் கேஸை மூடி ஒரு தடவை தண்ணி ஏத்திப் பார்த்திருக்கணும். பாப்பாவுக்குப் பால் காயுது, அப்புறம் மூடுங்கன்னு அக்கா சொன்னாங்க. சரின்னு விட்டுட்டேன்."

"அப்போ உன் மேலதான் தப்பு."

வாடகை ஒப்பந்தத்தில் இருப்பதை வீட்டுக்காரர் மனப்பாடமாக ஒப்பித்தார். வேலையின்போது உண்டான கசிவென்றால் வேலை செய்தவர் செலவு. பழைய கசிவாக இருந்து, நாற்றம் வந்தும் சொல்லாமல் விட்டிருந்தால் குடியிருப்பவர் செலவு. எப்படிப் பார்த்தாலும் அவர் தலை தப்பித்தது. அதனால்தான் அவ்வளவு பொறுமையாகப் பேசினார்.

"எதுக்கு வீண் வாய்ச்சண்டை? ஊருக்கே தெரிஞ்ச மூக்கு இந்த வீட்டிலேயே இருக்கு. ஏம்மா, இதுக்கு முன்னாடி கேஸ் நாத்தம் வந்துச்சா, இல்லையா? நீ சொல்றதுதான் தீர்ப்பு."

கணவன் அவள் காதோரம், "வரலைன்னு சொல்லு" என்று முணுமுணுத்தான்.

"அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க. என் தலையில கட்டினா அதோட என்னை வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க" என்றார் ஃபிட்டர். குரலில் கெஞ்சல் இருந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான். மனைவியின் மூக்கைப் பற்றிப் பேசக் கிடைத்த வாய்ப்பை அவன் என்றைக்கும் விட்டதில்லை.

"போன மாசம் எனக்கே ஒரு நாத்தம் வந்துச்சுங்க. இவதான் மோந்து பார்த்துட்டு, முட்டைக்கோஸ் அழுகிடுச்சுன்னு சொன்னா. தூக்கிப் போட்டோம். அப்புறம் ஒரு நாள் குப்பைத்தொட்டின்னா. நானே தேய்ச்சுக் கழுவினேன். கேஸா இருந்தா இவளுக்குத் தெரியாமப் போகுமா?"

நல்ல முட்டைக்கோஸ் அது, அன்று காலையில் வாங்கியது. அவன் 'ஏதோ நாறுதே' என்றதும், தனக்கும் நாறுவதுபோல முகத்தைச் சுளித்து, கையில் அகப்பட்டதன்மேல் பழியைப் போட்டிருந்தாள். அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில்தான் தினமும் தீக்குச்சி கிழித்தாள். இப்போது அவள் விட்ட பொய் வேறொருவன் பிழைப்பின்மேல் விடிகிறது.

"சொல்லும்மா" என்றார் வீட்டுக்காரர்.

"வரலை" என்றாள்.

"அவ்வளவுதான். விஷயம் முடிஞ்சுது."

ஃபிட்டர் குனிந்து ஸ்பானர்களைத் துடைத்துப் பைக்குள் போட ஆரம்பித்தார். சண்டை போட்டிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

"எனக்கு வரலைன்னு சொன்னேன்" என்றாள் அவள். "நாத்தம் வந்திருக்கும். எனக்கு எதுவுமே வராது. காய்ச்சல் வந்ததுலேர்ந்து பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான். இப்பவும் இங்க என்ன நாறுதுன்னு எனக்குத் தெரியலை. அது முட்டைக்கோஸ் இல்ல. நான் சும்மா சொன்னேன். இவர் பேர்ல தப்பில்ல."

விழுந்த பழி விலகியதில் ஃபிட்டர் சந்தோஷப்படுவார் என்று அவள் நினைத்தாள். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அக்கா, கேஸுக்குன்னு தனியா வாசனையே கிடையாது. கசிஞ்சா ஆளுக்குத் தெரியட்டும்னுதான் நாத்தத்தைக் கலந்து விடுறாங்க. மூக்கு வேலை செய்யலைன்னு தெரிஞ்சேவா தினம் அடுப்பு பத்த வச்சீங்க? பக்கத்துல குழந்தையை வச்சுக்கிட்டு?"

வீட்டுக்காரர் செலவு யாருடையது என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கணவன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். "செலவு கிடக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

"நானே குடுத்துடறேன் சார்" என்றாள். எதைக் கொண்டு கொடுப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியாது.

கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமென்றால் அவளுக்குப் பழக்கம், திட்டுவான், சாயங்காலத்துக்குள் சிரித்துவிடுவான். இது அந்தப் பார்வை இல்லை. அறிமுகமில்லாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல இருந்தது.

தோளில் கிடந்த குழந்தை சிணுங்கியது. பசி நேரம். அம்மாவைக் கண்டதும் வழக்கம்போல அவள் பக்கம் தாவியது. அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அவன் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"கொஞ்ச நேரம் என்கிட்டயே இருக்கட்டும்" என்றான்.