விரல் விட்டு அளந்த வானம்

1976 மார்ச்சில், மட்டாஞ்சேரியில் தையற்கடை வைத்திருந்த ரம்லத்தின் அளவு நாடா பம்பாய் விமான நிலையம் வரை நீண்டது. அறுபது அங்குல நாடாதான். கணவன் ரஷீது துபாய் வேலைக்காகப் பம்பாய் விமானம் ஏறிய அன்று, வெல்லிங்டன் தீவு விமான நிலையத்தின் வேலியோரம் நின்று, கழுத்தில் கிடந்த நாடாவின் நுனியை விமானத்தை நோக்கி நீட்டினாள். அது போய்க்கொண்டே இருந்தது. ஒரு மணி ஐம்பது நிமிடம் கழித்து நின்றது. நாலு கோடியே இருபத்தொரு லட்சம் அங்குலம், கொஞ்சம் சில்லறை.

கையில் எஞ்சிய முனையை வீட்டுக்குக் கொண்டுவந்து தையல் மெஷினின் காலில் கட்டிவைத்தாள். மழைக்காலத்தில் நாடா சற்றுத் தொய்யும், காக்கைகள் உட்காரும், அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் ஊர்கூட இரண்டு மாதத்தில் ஓய்ந்தது. டிக்கெட் ஏஜென்சி குமாஸ்தா வெங்கிடராமன்தான் ஓயவில்லை. அவருடைய புத்தகத்தில் தூரம் குறைவு.

"கூடுதலா அளந்துட்டே" என்றார்.

"மார்பளவு எடுக்கறப்ப ஒரு விரல் உள்ள விட்டுத்தானே நாடா பிடிப்போம், சாமி. இல்லாட்டி மூச்சு முட்டுமே."

ஆக, வானத்தையும் சட்டைக்கு அளப்பதுபோல்தான் அளந்திருந்தாள். தையற்காரருக்கு அல்லாமல் வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்.

1983இல் மாமனார் நூர் முகம்மது படுத்த படுக்கையானார். மகன் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது. பகல் பன்னிரண்டைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொன்ன அன்று, ரஷீதின் விமானம் பம்பாயில் பதினொன்றுக்குத்தான் கிளம்பியது. வெங்கிடராமனே ஓடிவந்து சொன்னார்.

"எறங்க மத்தியானம் ஒரு மணி ஆயிடும், மோளே. மனசைத் தேத்திக்கோ."

 ரஷீது போன நாள்முதல் ரம்லத்தை ஒரு சொல் கடிந்து பேசாத மனிதர் மாமனார். மெஷினிலிருந்து நாடாவை அவிழ்த்து இழுத்தாள். அன்று அளவில் கூடுதலாக விட்ட விரல் கைக்குத் தட்டுப்பட்டது. தொளதொளத்த சட்டையைப் பிடிப்பதுபோல அதை மடித்துப் பிடித்து, இரட்டை நூலில் தைத்தாள். விமானம் பதினொன்று முப்பத்தைந்துக்கு இறங்கியது. விமானி கைக்கடிகாரத்தை ஒருமுறை உதறிப் பார்த்தாராம்.

ரஷீது பாலம் கடந்து ஓடிவந்தான். கிழவர் கண் திறந்தார்.

"சாயா குடிச்சியாடா?"

"குடிச்சேன் அத்தா."

குடித்திருக்கவில்லை. மகன் ஊட்டிய தண்ணீரை மூன்று மடக்குக் குடித்து, பன்னிரண்டுக்கு அவர் கண்மூடினார். ரம்லத் அழுதாள். அல்லாஹ் கைவிடவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அந்தத் தையலை அவள் பிரிக்கவில்லை. பம்பாயிலிருந்து வரும் விமானம் அதன்பின் அரைமணிச் சொச்சத்திலேயே வந்தது, அட்டவணையும் அப்படியே மாறியது. மனைவியின் பிரசவத்துக்கு முந்தி வந்து சேர்ந்த பக்கத்துத் தேவரா ஊர்க்காரர் சுப்புராஜ், பெட்டியை இறக்கிய கையோடு வந்து, ஒரு நூல்கண்டை மெஷின்மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பிறகு ஊர் திரும்பிய ஒவ்வொருவரும் ஒரு கண்டு வைத்தார்.  அவள் நிறம் பார்த்து அடுக்கிவைத்தாள்.