ஊதா சாலஞ்சரின் முதல் சொந்தக்காரர்

ராண்டி லுட்வினுக்குச் செத்துப்போன சிப்பாய் ஒருவன் தேவைப்பட்டான். அவனைத் தேடிக் கொடுத்தது நான்தான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

டெட்ராய்ட்டுக்கு வடக்கே ராண்டியின் கடை. அறுபது, எழுபதுகளில் வந்த முரட்டு இஞ்சின் கார்களை வாங்கி, பிரித்துப் போட்டு, புதிதாகப் பூட்டி, ஏலத்துக்கு அனுப்புவான். இந்தத் தொழிலில் இஞ்சினுக்கு அடுத்தபடியாக விலை போவது கதை. யார் வாங்கினார்கள், யாரிடம் கைமாறியது, எந்த வீட்டு வாசலில் நின்றது என்று காகிதத்தோடு சொன்னால் வாங்குகிறவன் மயங்கிவிடுவான். அந்தக் காகிதங்களைத் தேடி எடுக்கத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தான். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். படித்தது சரித்திரம். அப்பா இருபத்தாறு வருடம் அடுத்தவன் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து சைலன்ஸர் மாற்றியவர். பட்டம் வாங்கிக்கொண்டு நானும் கார் கடையில்தான் போய் நின்றேன் என்பதில் அவருக்குச் சிரிப்பு. ராண்டி என்னைப் 'புரொபசரம்மா' என்றுதான் கூப்பிடுவான்.

அந்தக் கார் மன்ரோ பக்கம் ஒரு சோளக் களஞ்சியத்திலிருந்து வந்தது. 1970ஆம் வருடத்து டாட்ஜ் சாலஞ்சர். ஊதா நிறம், நாலு கியர். எழுபத்தாறுக்குப் பிறகு மூன்று பேர் வைத்திருந்தார்கள். மூவரையும் ஒரே வாரத்தில் பிடித்துவிட்டேன். அதற்கு முந்தைய ஆறு வருடம்தான் இருட்டு. மாநில அலுவலகம் பழைய பதிவுகளை எப்போதோ அழித்துவிட்டது. மிஞ்சியது டேஷ்போர்டில் கிடந்த வாரண்டி அட்டை ஒன்றுதான். லெனார்ட் பிரூக்னிக், ஹாம்ட்ராம்க் என்றிருந்தது.

நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டினேன். லெனார்ட் பிரூக்னிக், இருபத்தொரு வயது, 1970 செப்டம்பரில் வியட்நாமில் இறந்திருந்தான்.

இதைச் சொன்னதும் ராண்டி மேசையைத் தட்டி எழுந்துவிட்டான். மறுநாளே காருக்கு முன்னால் வைக்கும் பலகை தயார். மூலையில் கொடி. நடுவில், போருக்குப் போகும் முன் கடைசிக் கோடையில் உட்வர்ட் சாலையில் பறந்த வீரனின் கார் என்று கொட்டை எழுத்து.

அதே நாளிதழில் இன்னொன்றும் இருந்தது. லெனார்ட் கப்பலேறியது ஜனவரியில். காரின் உடம்பில் அடித்திருக்கும் தகடு, அது ஆலையில் தயாரானது ஏப்ரலில் என்கிறது. அந்த வண்டியை அவன் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது.

"யாரு போய் தேதியெல்லாம் பாக்கப் போறாங்க?" என்றான் ராண்டி.

"நான் பாத்துட்டேனே."

"நீ பாத்தா என்ன? நீயா வாங்கப் போற?"

காரோடு ஏலத்துக்குப் போகும் சரித்திரக் கோப்பின் அடியில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். பட்டத்தைப் போட்டு, பெயரைப் போட்டு. அதனால் விடவில்லை. இறப்புச் செய்தியின் கடைசி வரியில் தாயும் பெர்னடின் என்ற அக்காவும் இருப்பதாகப் போட்டிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பெர்னடின் கோவாக், வயது எழுபத்தேழு, பக்கத்தில் வாரன் என்ற ஊரில் இருந்தார்.

கம்பி வலைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். ஊதா சாலஞ்சர் என்று சொன்னதும் முகம் மாறியது. "எவன் அனுப்பினான் உன்னை? என் புருஷனா? அவன் போய் ஒன்பது வருஷம் ஆச்சே."

உள்ளே கூப்பிட்டார். அடுப்படி மேசையில் வெந்த முட்டைக்கோஸ் இலைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டிக்கொண்டே சொன்னார். நான் 'மேடம்' என்றபோது, அப்படிக் கூப்பிடாதே, டீனி என்று கூப்பிடு என்றார்.

இந்தக் கார் தயாரான ஹாம்ட்ராம்க் ஆலையில் சீட்டு உறை தைக்கும் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். அந்தக் காரைச் சொந்தச் சம்பளத்தில் வாங்கப் போனார். கடைக்காரன் சிரித்துக்கொண்டே, அப்பாவையோ புருஷனையோ கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறான். அப்பா இறந்துபோயிருந்தார். கல்யாணம் அப்போது ஆகவில்லை. வீட்டில் இருந்த ஒரே ஆண், தம்பி லெனார்ட் என்கிற லென்னி. மளிகைக் கடையில் பை கட்டிக் கொடுக்கிறவன்.

"நான் தினம் எட்டு மணி நேரம் மிஷின்ல உக்காந்திருக்கேன். என் கையெழுத்து செல்லாதாம். லென்னி கையெழுத்து செல்லுமாம்."

கப்பலேறுவதற்கு ஒரு வாரம் முன்னால் லென்னி கையெழுத்துப் போட்டான். தவணை மொத்தமும் டீனியின் சம்பளம். ஏப்ரலில் வண்டி வந்ததும் சனிக்கிழமை தவறாமல் உட்வர்டில் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல்வரை ஆண்களோடு பந்தயம் விட்டிருக்கிறார். எத்தனை ஜெயித்தீர்கள் என்று கேட்டேன். தோற்றதைக் கேள், எண்ணுவது சுலபம் என்றார்.

எழுபத்தாறில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது புருஷன் காரியத்தை முடித்துவிட்டான். வண்டிப் பத்திரம் செத்துப்போன லென்னி பெயரில், அவனுக்கு வாரிசு டீனியின் அம்மா. புருஷன் தன் மாமியாரான அந்த அம்மாவை அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கி வண்டியை விற்றுவிட்டான்.

"குழந்தையத் தூக்கிட்டு வீட்டுக்கு வரேன், வாசல்ல ஸ்டேஷன் வேகன் நிக்குது. இனிமே நமக்கு இதுதான் லாயக்குன்னான். எங்கம்மா சொல்றா, ஆம்பளை கேட்டான், போட்டேன்னு."

எனக்குக் காது சுட்டது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டேன். கையிலிருந்த இலையைத் தட்டில் வைத்தார்.

"லென்னி ஓட்டினானாமா? அவனுக்கு கிளட்ச் எந்தக் காலுக்குன்னே தெரியாதுடி. பஸ்ல ஏறினாலே வாந்தி எடுப்பான்." இலையை மறுபடி எடுத்தார். "பாவம், அவனை வச்சுப் பொய் சொல்ல வேண்டாம்னு சொல்லு."

உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"வண்டிய வச்சு நான் என்ன செய்ய? ரெண்டு முட்டியும் இரும்பு. என் பேரு வேணும். நான் வாங்கினேன்னு எழுதணும். அவ்வளவுதான்."

ஆதாரமும் இருந்தது. ஆலையில் வேலை செய்கிறவர்கள் தாங்கள் சொல்லிவைத்த கார் வரிசையில் எப்போது வரும் என்று காத்திருந்து, கண்ணில் படாத இடத்தில் பெயர் போட்டுவிடுவார்களாம். கதவு அட்டைக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதுவார்கள், கம்பளத்துக்கு அடியில் எழுதுவார்கள். டீனி தன் சீட்டைத் தானே தைத்தவர். பின் சீட்டு உறையைத் திருப்பிப் பார் என்றார்.

கடைக்குத் திரும்பியபோது காரில் புதுச் சீட்டு உறைகள் மின்னின. பழையதை முந்தின நாள்தான் உரித்துக் குப்பையில் போட்டார்களாம். இவர்கள் எல்லோரும் இப்படித்தான். ஐம்பது வருடச் சரித்திரத்தைத் தேட எனக்குச் சம்பளம், அந்தச் சரித்திரத்தை உரித்துத் தூக்கி எறிய இன்னொருவனுக்குச் சம்பளம். கடைக்குப் பின்னால் இருந்த இரும்புத் தொட்டிக்குள் இறங்கினேன். எண்ணெய்த் துணி, உடைந்த பிளாஸ்டிக், எவனோ தின்று போட்ட பீட்சா. எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்பு உறை. திருப்பினால் மஞ்சள் நூலில் பிசிறில்லாத மிஷின் தையல்: பெர்னடின், ஏப்ரல் 70.

ராண்டியின் மேசையில் விரித்தேன். நீண்ட நேரம் பார்த்தான். ஒருவேளை புரிந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"பிரமாதம், புரொபசரம்மா. போர்ல இருக்கிற தம்பிக்கு அக்கா கையால தச்ச சீட்டு. அழுதுடுவானுங்க."

வாங்கியது அவர், ஓட்டியது அவர் என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டான். அதுதான் இன்னும் மோசம். பிறகு தொழில் சொல்லிக் கொடுக்கிற மாதிரி விளக்கினான். வாங்க வருகிறவர்கள் எல்லாம் அறுபது, எழுபது வயது ஆண்கள். பதினாறு வயதில் இந்தக் காரைப் பார்த்து ஏங்கிக் கிடந்தவர்கள். அதைச் சீட்டு தைக்கிற ஒரு பெண் வாங்கி, தங்களைப் போன்றவர்களைப் பந்தயத்தில் தோற்கடித்தாள் என்று கேட்பதற்கா அவர்கள் பணத்தோடு வருகிறார்கள்?

"அப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றேன். "டீனியும் போட மாட்டாங்க."

சிப்பாய் கதைக்குக் குடும்பத்தின் கையெழுத்து இல்லாவிட்டால் ஏலக்காரர்கள் எடுக்க மாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும். என்னை அன்றே அனுப்பிவிட்டான். கொடிப் பலகையையும் தூக்கிவிட்டு வேறொன்று எழுதினான். அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியது சீட்டு உரித்தவன். பிந்தைய மூன்று பெயர்களும் ஒழுங்காக இருந்தன. மேலே ஒரே வரி. முதல் உரிமையாளர்: தெரியவில்லை.

தெரியவில்லையாம். பொய் சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. டீனிக்குப் போன் செய்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். உட்வர்டில் நடக்கும் பழைய கார் விழாவில், சனிக்கிழமை ராண்டி காரை எந்த இடத்தில் நிறுத்துவான் என்று மட்டும் கேட்டார்.

வருடாவருடம் ஆகஸ்டில் அந்த விழாச் சனிக்கிழமை ஊரே உட்வர்டில்தான் இருக்கும். ஓரப் புல்லில் கார்கள் இஞ்சின் மூடியைத் திறந்தபடி வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மடக்கு நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர்தான் சொந்தக்காரர். எவரும் பத்திரம் கேட்பதில்லை; நாற்காலியைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார்கள். ராண்டி உட்கார மாட்டான். காப்பிக் கோப்பையோடு பணக்காரன் எவன் என்று மோப்பம் பிடித்துத் திரிவான்.

டீனியை நான்தான் அழைத்துப் போனேன். நாற்காலியை அவரே கொண்டுவந்தார். சாலஞ்சரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் விரித்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

ராண்டி வேகமாக வந்தான். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். எல்லோர் முன்னாலும் ஒரு வயதான பெண்ணை எழுப்பிவிட முடியாது. குனிந்து, பல்லைக் காட்டியபடி, மேடம், இந்த இடம் கடைக்குச் சொந்தமானது என்றான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுப்பா," என்றார் டீனி. "இஞ்சினை மறைக்கிற."

யாரோ சிரித்தார்கள். ராண்டி என்னைப் பார்த்தான். நான் நன்றாகவே திருப்பிப் பார்த்தேன்.

நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வந்தார். காரின் நம்பரைக் குறித்துக்கொண்டு திரிகிற ரகம். பலகையைப் படித்துவிட்டு டீனியிடம் மரியாதையாகக் கேட்டார், "உங்க வீட்டுக்காரர் வண்டிங்களா?" காலையிலிருந்து அப்படிக் கேட்ட மூன்றாவது ஆள்.

"என்னோடது. எழுபதுல நான் வாங்கினேன். வீட்டுக்காரர் வித்தார்."

அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். டீனி சிரிக்கவில்லை. பலகையைக் கைநீட்டிக் காட்டினார்.

"அது தப்பு. நோட்டு வச்சிருக்கீங்கல்ல, எழுதிக்கோங்க. பெர்னடின் பிரூக்னிக்."

அந்த மனிதர் ஒரு தடவை ராண்டியைப் பார்த்தார். ராண்டி தன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தான். அவர் பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தார். எழுதி முடிக்கும்வரை டீனி அந்தப் பேனாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.