கண்ணில் வைத்த சந்தனம்

ஆயுத பூஜை அன்று காலை எட்டு மணிக்கு என் கைப்பேசியில் இரண்டு வண்டிகள் சிவப்பாகிவிட்டன. சிவப்பு என்றால் பூட்டிக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். மூன்றாவது வண்டியும் பூட்டிக்கொண்டால் என் நிலையத்தையே இழுத்து மூடிவிடுவார்கள். அப்போது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மீதியை நாளைக்குத் துலக்கிக்கொள்ளலாம் என்று துப்பிவிட்டு, துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ஊர்வண்டி என்பது எங்கள் கம்பெனியின் பெயர். யாரும் கார் வாங்க வேண்டாம். ஆப்பில் பதிவு செய்தால் கதவு திறக்கும். ஓட்டி முடித்துக் கொண்டுவந்து சார்ஜரில் மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அடுத்தவர் எடுத்துக்கொள்வார். மயிலாப்பூர் நிலையத்தில் அப்படி ஆறு மின்சாரக் கார்கள். தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தின் முற்றத்தில் நிற்கும். அந்த ஆறுக்கும் பொறுப்பு சகினாவாகிய நான்தான்.

ஆறு மாதம் சோதனையாக ஓட்டிப் பார்ப்போம், ஒத்துவராவிட்டால் சார்ஜரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவோம் என்று சொல்லித்தான் கம்பெனி ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் அமீன் ராயப்பேட்டையில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவர். கார்க்காரர்களின் மனசு தனக்குத் தெரியும் என்பார். "மைலாப்பூர் ஜனங்க அடுத்தவன் உக்காந்த சீட்ல உக்காருவாங்களா? ஒரு மாசத்துல மூடிட்டு வந்துடுவே பாரு" என்றார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு உதவியாக இருந்தது என்று அவருக்கே தெரியாது. எந்த வீட்டுப் படி ஏறும்போது கால் வலித்தாலும் அதை நினைத்துக்கொள்வேன், வலி போய்விடும். எண்பத்து மூன்று குடும்பங்களைச் சேர்த்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சுத்தான் பேசினேன். "இது உங்க வண்டி. அப்படியே நெனச்சுக்கோங்க."

அந்த ஆறு மாதம் முடிவது இன்று மாலை ஆறு மணிக்கு.

முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, பூட்டிக்கொண்ட இரண்டு வண்டிகளும் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றன. முன்னால் வாழைக்கன்று, சாமந்தி மாலை, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். முன் கண்ணாடியின் நடு உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். பூஜை போட்டவர்கள் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் பொரி சாப்பிடப் போயிருந்தார்கள்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கண்ணாடிக்கு உள்ளே சரியாக அந்த இடத்தில்தான் கேமரா இருக்கிறது. சாலையை அதுதான் பார்க்கிறது. திருடுகிறவன் முதலில் அதைத்தான் மறைப்பானாம். அதனால் கேமரா பத்து நிமிடம் மறைந்திருந்தால் வண்டி தானாகவே பூட்டிக்கொள்ளும்படி குர்கான் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரே நாளில் மூன்று வண்டி பூட்டிக்கொண்டால் அந்த இடத்தில் ஏதோ கலாட்டா என்று முடிவுகட்டி நிலையத்தையே நிறுத்திவிடுவார்கள். சோதனைக் காலத்தில் நிறுத்தினால் நிறுத்தினதுதான். இவ்வளவும் யோசித்த புத்திசாலிகளுக்கு ஆயுத பூஜை என்று ஒரு நாள் இருப்பது தெரியவில்லை. அதை அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய நானும் சொல்லவில்லை.

கைப்பேசியில் அன்றைய பதிவுகளைப் பார்த்தேன். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஆறு வண்டிகளுக்கும் ஒரு மணி நேரம்கூட இடைவெளி இல்லை. ஓட்டுவதற்கு இல்லை, எல்லாம் பூஜை போட. உன் வண்டி என்று நினைத்துக்கொள் என்றால் இந்த ஊர் ஜனங்கள் அரைகுறையாகவா நினைப்பார்கள்!

அதற்குள் மூன்றாவது வண்டி மஞ்சளாகிக் கண் சிமிட்டத் தொடங்கியது. கேமரா மறைந்துவிட்டது, இன்னும் ஏழு நிமிடம். இடம் சித்திரக்குளம் பக்கம், ஜலஜா மாமி வீட்டு வாசல். அவருடைய கைப்பேசிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. பூஜை நேரத்தில் மாமி எந்தக் காலத்தில் போன் எடுத்தார்? ஓடினேன். மாட வீதியில் பொரி மூட்டையும் பூசணிக்காயும் பூக்கூடையுமாகக் கால் வைக்க இடமில்லை. "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டு போனேன். ஒரு பூக்காரம்மா, "இன்னாம்மே, வூடு பத்திக்கிச்சா?" என்று கேட்டாள். அதைவிட மோசம் என்று சொல்ல மூச்சு இல்லை.

ஜலஜா மாமி வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் கார் ஓட்டுவது அவர்தான். ஆடிட்டர் வேதாந்தம் மாமா பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போடச் சொல்லுவார். என் பேச்சை நம்பிப் பதினெட்டு வருஷத்துக் காரை விற்றவர்கள். நான் போனபோது மாமா தாம்பாளத்தில் கற்பூரத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என் வண்டியின் கண்ணாடியில், அதே இடத்தில், ஒரு கிண்ணம் சந்தனம். இன்னும் மூன்று நிமிடம்.

"மாமி, அந்தச் சந்தனத்த தொடச்சிடுங்க! இப்பவே!"

"என்னடீ இது, வந்ததும் வராததுமா?" என்றார் மாமி.

"வெச்ச பொட்ட யாராவது அழிப்பாளா?" என்றார் மாமா. "கற்பூரமே இன்னும் ஏத்தலை. ஆகட்டும், ஓரமா நில்லு."

கண்ணாடி துடைக்கிற துணி என் தோளிலேயே இருந்தது. எட்டித் துடைத்தால் ஒரு நொடி வேலை. கை பாதி தூரம் போய்விட்டது, அங்கேயே நிறுத்திக்கொண்டேன். சாமிக்கென்று அவர்கள் வைத்ததை நான் அழித்தால் வண்டி பிழைக்கும். ஆனால் ஆறு மாதமாக நான் படியேறிச் சேர்த்த பேர் நாளைக்கு அந்தத் தெருவில் இருக்காது. அவர்கள் கையாலேயே துடைக்க வேண்டும். இரண்டரை நிமிடம்.

"இத மறச்சா வண்டி பூட்டிக்கும் மாமா. பூட்டிக்கினா எங்க ஸ்டாண்டையே மூடிடுவாங்க."

"பூட்டிண்டா தொறந்துக்கலாமே. பூஜையப் பாதில நிறுத்தப்படாது."

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மனுஷர் வரி பாக்கிக்காரனிடம் பேசுவதைப் போல அவ்வளவு நிதானமாகப் பேசினார்.

"சரி மாமா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சாமிக்கு அலங்காரம் பண்ண சொல்ல, சந்தனத்த எங்க வெப்பீங்க?"

"நெத்தில. இது என்ன கேள்வி?"

"கண்ணுல அப்புவீங்களா?"

"சிவ சிவா! யாராவது..."

"இதான் மாமா வண்டியோட கண்ணு! உள்ள எட்டிப் பாருங்க, கேமரா கீது. ரோட்ட அது இது வழியாத்தான் பாத்துக்கினு கீது. நீங்க நெத்தின்னு நெனச்சுக்கினு கண்ணுல வெச்சுட்டீங்க. அதான் அது கதவ மூடிக்கினு அழுவப் போவுது!"

மாமா எட்டிப் பார்ப்பதற்குள் மாமி பார்த்துவிட்டார். "ஐயையோ, அபசாரம்!" என்று பட்டுப் புடவைத் தலைப்பாலேயே கண்ணாடியைத் துடைத்தார். ஒரு துடைப்பில் போகவில்லை. பூஜைச் செம்பிலிருந்த தண்ணீரை ஊற்றி இரண்டாவது முறை துடைத்தார். "கண்ணுல போய் வெச்சிருக்கேளே! ஒரு பார்வை வேண்டாம் மனுஷனுக்கு?" என்று மாமாவையும் ஒரு பிடி பிடித்தார். சந்தனத்தைக் குழைத்து வைத்ததே மாமிதான். அதைச் சொல்ல மாமாவுக்குத் தைரியம் வரவில்லை.

மஞ்சள் அணைந்து பச்சை வந்தது. இன்னும் நாற்பது நொடி பாக்கியிருந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

"அப்போ இதுக்கு நெத்தி எங்கே?" என்று கேட்டார் மாமா, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

நியாயமான கேள்விதான். நம்பர் பலகைக்கு மேலே சார்ஜ் போடுகிற மூடியைக் காட்டினேன். "அத தொறந்துதானே கரண்ட் சாப்பிடறது? அது வாய்னா!" என்றார். எவ்வளவு சரியான மனுஷர்! கடைசியில் பானெட்டின் நடுவில் ஓர் இடம் பார்த்து, இதுதான் நெற்றி என்று மூன்று பேரும் முடிவு செய்தோம்.

அந்த நிம்மதி இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. நான்காவது வண்டி தி. நகரில் மஞ்சளானது. அதை எடுத்துப் போயிருந்தவர் மிருதங்க வாத்தியார் சந்திரமௌலி. ஐந்தாவது அடையாற்றில் மஞ்சளானது. எத்தனை இடத்துக்கு நான் ஓட முடியும்? எங்கள் உறுப்பினர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. நான் அதில் எது எழுதினாலும் கைகூப்புகிற பொம்மைதான் பதிலாக வரும். கைப்பேசியை மாமியிடம் நீட்டினேன்.

"நீங்க பேசுங்க மாமி. உங்க குரலுக்குத்தான் பயப்படுவாங்க."

மாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாரும் கேட்டுக்கோங்கோ, ஜலஜா பேசறேன். ஆத்து வாசல்ல வண்டிக்குப் பூஜை பண்ணிண்டு இருக்கறவா உடனே கண்ணாடியப் பாருங்கோ. உச்சில இருக்கறது வண்டியோட கண்ணு. கண்ணுல சந்தனம் வெச்சிருக்கேள். இந்த நிமிஷமே தொடச்சிட்டு பானெட்ல வெச்சுக்கோங்கோ. தொடைக்காதவா ஆத்துக்கு நான் நேர்ல வருவேன்."

கடைசி வரி வேலை செய்தது. தி. நகர் பச்சையானது. அடையாறு பச்சையானது. படங்களாக வந்து குவிந்தன. பானெட்டில் சந்தனம், கதவில் சந்தனம், சந்திரமௌலி வாத்தியார் எதற்கும் இருக்கட்டும் என்று நம்பர் பலகையிலும் வைத்திருந்தார். ஆறாவது வண்டி மஞ்சளாகவே இல்லை.

மூச்சு விட்டு, முற்றத்துக்குத் திரும்பி, பூட்டியிருந்த இரண்டு வண்டிக்காரர்களையும் கூப்பிட்டுக் கண்ணைத் துடைக்கச் சொன்னேன். மாமியும் மாமாவும் மூன்றாவது வண்டியை ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள். ஆனால் பூட்டைக் குர்கானில்தான் திறக்க முடியும். சென்னை அலுவலகம் விடுமுறை. அந்த நேரத்தில் குர்கானிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியவர் மெஹ்ரா, எல்லா ஊர் நிலையங்களுக்கும் மேலதிகாரி.

என் உருது மெட்ராஸ் உருது. முன்பு ஒருமுறை நான் பேசியபோது அந்தப் பக்கம் யாரோ சிரித்தது காதில் விழுந்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. யார் வண்டிகளைத் தாக்கியது, போலீசுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார் மெஹ்ரா.

"வீடியோவில் வாருங்கள், தாக்கியவர்களைக் காட்டுகிறேன்" என்றேன்.

காட்டினேன். மாலை போட்ட வண்டிகளைக் காட்டினேன். பட்டுப்புடவையில் மஞ்சள் திட்டோடு நின்ற மாமியைக் காட்டினேன். தாம்பாளத்தோடு மாமா, அடுத்த மணி நேரத்துக்குப் பதிவு செய்துவிட்டுப் பூசணிக்காயோடு காத்திருந்த குடும்பங்கள், எல்லாரையும் காட்டினேன். ஒரு குழந்தை கேமராவைப் பார்த்து நாக்கை நீட்டியது. இன்றைக்கு இங்கே எல்லாரும் தங்கள் வண்டியைக் கும்பிடுகிற நாள் என்று சொன்னேன்.

மெஹ்ரா திரையில் அந்த மாலைகளை உற்றுப் பார்த்தார். பிறகு, "ஆனால் இது அவர்களுடைய வண்டி இல்லையே" என்றார்.

"அதைத்தான் நானும் சொல்கிறேன் சாப். வாடகைக்கு எடுத்த வண்டிக்கு யாராவது மாலை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஆறு மாதம் சோதனை செய்தீர்கள். இதைவிடப் பெரிய முடிவு உங்களுக்கு எந்தக் காகிதத்தில் கிடைக்கும்?"

எதிர்முனையில் யாரையோ கூப்பிட்டு என்னவோ சொன்னார். என் முன்னால் முதல் வண்டி விளக்கைச் சிமிட்டி, டப்பென்று கதவுப் பூட்டு திறந்தது. அடுத்தது இரண்டாவது. முற்றத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஆறும் பச்சை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அமீனை அந்த இடத்தில் நிற்கவைத்துப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

"மாலை வரை காத்திருக்க வேண்டாம். மயிலாப்பூர் நிலையம் நிரந்தரம், உத்தரவு இப்போதே வரும்" என்றார் மெஹ்ரா. "வேறு ஏதாவது வேண்டுமா?"

வேண்டுமா என்று கேட்டால் விடுகிற ஆளா நான்?

"ஆறு வண்டி பத்தாது சாப்" என்றேன். "மேற்கு மாம்பலத்துக்கு இன்னும் ஆறு அனுப்புங்கள். நாளைக்கே அனுப்புங்கள். நாளைக்கு விஜயதசமி, புதிதாக ஒன்றைத் தொடங்க எங்கள் ஊரில் அதைவிட நல்ல நாள் கிடையாது."